வெள்ளைக் கோபுரமும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸும்

டிஸ்கி: இது கேமரா விமர்சனம் இல்லை. மெகாபிக்சல் கணக்கு, விலைப்பட்டியல், பத்துக்கு எத்தனை மார்க்குன்னு எதிர்பார்த்து வந்தவங்க மன்னிச்சுக்கோங்க. பதிவு கொஞ்சம் நீளம். காபி போட்டு எடுத்துட்டு வந்து உக்காருங்க :-)

சொல்ல வந்ததை முதல்லயே சொல்லிடறேன். "கேமராவுலேர்ந்து அப்படியே வர்ற கலர்தான் நிஜம், அதுக்கு மேல கை வச்சா ஏமாத்து வேலை" அப்படின்னு நம்ம பதிவர்கள்ல நிறைய பேர் நினைக்கறாங்க. எனக்கு இதுல சுத்தமா உடன்பாடு கிடையாது. கேமராவுலேர்ந்து "அப்படியே" வர்ற கலர்னு ஒண்ணு இல்லவே இல்லை. அதுவும் எங்கயோ உக்காந்து யாரோ எடுத்த முடிவுதான். அந்த முடிவை முகம் தெரியாத ஒரு இன்ஜினியர்கிட்ட விட்டுடறதா, இல்லை அந்த இடத்துல நின்னு பார்த்த நாம எடுக்கறதா? இதுதான் கேள்வி.

இந்தக் கேள்வி எனக்கு ரொம்ப நாளா உண்டு. ஆனா இப்போ எழுத வச்சது ஒரு ரேஞ்ச்ஃபைண்டர். வெளிநாட்டுலேர்ந்து வந்த நண்பர் ஒருத்தர், புதுசா வாங்கின டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டரை நாலு நாள் என்கிட்ட குடுத்துட்டு ஊர் சுத்தப் போயிட்டார். என்ன கம்பெனி, என்ன மாடல்னு கேக்காதீங்க. நான் சொல்லப்போறது எல்லா கேமராவுக்கும் பொருந்தும். விலையை மட்டும் சொன்னா, வீட்டுல "இந்தக் காசுக்கு தில்லைநகர்ல அட்வான்ஸ் குடுத்து வீடு பிடிக்கலாமே"ன்னு கேட்டாங்க. அவ்வளவு.

தெரியாதவங்களுக்கு ரேஞ்ச்ஃபைண்டர் பத்தி ரெண்டு வரி. இதுல லென்ஸ் வழியா நாம பாக்கறதில்லை. ஓரத்துல தனியா ஒரு கண்ணாடி ஜன்னல் இருக்கும், அது வழியாப் பாக்கணும். நடுவுல ஒரு சின்னக் கட்டத்துல ரெண்டு பிம்பம் தெரியும். லென்ஸைத் திருப்பி ரெண்டையும் ஒண்ணா சேர்த்தா ஃபோகஸ் முடிஞ்சது. கார்ட்டியே-ப்ரஸ்ஸோன் 1950-ல திருவண்ணாமலையில ரமணரோட கடைசி நாட்கள்ல படம் எடுத்தாரே, அது லைக்கா ரேஞ்ச்ஃபைண்டர்தான். அவர் எடுத்தது கறுப்பு வெள்ளை. இந்த வகை கேமராவோட புகழ்ல பெரும்பங்கு கறுப்பு வெள்ளையில வந்தது. கலர் தகராறு பெருசானதெல்லாம் டிஜிட்டல் வந்த பிறகுதான்.

இப்போ விஷயத்துக்கு வருவோம். அந்த ஜன்னல் இருக்கே, அது வெறும் கண்ணாடி. செல்போன்லயும் மிரர்லெஸ் கேமராவுலயும் படம் எடுக்கறதுக்கு முன்னாடியே திரையில தெரியறது கேமரா சமைச்ச கலர். அதையே பார்த்துப் பார்த்து, எதிர்ல இருந்தது என்ன நிறம்ங்கறதே நமக்கு மறந்து போயிடுது. ரேஞ்ச்ஃபைண்டர்ல அப்படி இல்லை. கோபுரத்தை நம்ம கண்ணால பாக்கறோம், க்ளிக் பண்றோம், அப்புறம்தான் கேமராவோட கருத்து என்னன்னு பின்பக்கத் திரையில தெரியும். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் பளிச்னு அடிக்கும். நாலு நாள்ல நான் கத்துக்கிட்டது இந்த வித்தியாசத்தைத்தான். "லைக்கா கலர்", "சி.சி.டி கலர்"னு ஆளாளுக்கு உருகறாங்க. என்னைக் கேட்டா, ரேஞ்ச்ஃபைண்டரோட சிறப்பு அதோட கலர் இல்லை. நம்ம கண்ணைக் கெடுக்காம விட்டு வைக்குதே, அதுதான்.

வெள்ளை எது?

ஸ்ரீரங்கம் வந்தவங்க தெற்கு ராஜகோபுரத்தைப் பார்த்திருப்பீங்க. 236 அடி, பதிமூணு நிலை, பல காலம் மொட்டைக் கோபுரமா நின்னு 1987-ல முடிஞ்சது. வண்ண வண்ணமா இருக்கும். ஆனா கேமராவை சோதிக்கணும்னா அங்க போகாதீங்க. கிழக்குப் பக்கம் வெள்ளைக் கோபுரத்துக்குப் போங்க. பேருக்கேத்த மாதிரி முழுக்க வெள்ளை.

காலையில கிழக்கு முகத்துல வெயில் விழறப்போ ஒண்ணு, உச்சி வெயில்ல ஒண்ணு, சாயங்காலம் மேற்குப் பக்கத்துலேர்ந்து ஒண்ணுன்னு மூணு படம். மூணுலயும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ். மூணும் கிட்டத்தட்ட ஒரே வெள்ளையா வந்துச்சு! கேமரா தன் வேலையை ஒழுங்காத்தான் செஞ்சிருக்கு. "இது வெள்ளைப் பொருள், மஞ்சளா தெரியுது, அந்த மஞ்சளை எடுத்துடு" அப்படின்னு கணக்கு போட்டிருக்கு. ஆனா சாயங்காலம் அந்தக் கோபுரம் வெள்ளையா இல்லையே! நெய்யில தோய்ச்ச மாதிரி இருந்துச்சு. அந்த நேரத்துல அங்க நிக்கற யாரும் அதை வெள்ளைன்னு சொல்ல மாட்டாங்க. அந்த மஞ்சளுக்காகத்தானே நான் அங்க போனேன்? கேமரா அதைக் குறைன்னு நினைச்சுத் துடைச்சு வச்சிருக்கு.

அடுத்த நாள் ஒயிட் பேலன்ஸை பகல் வெளிச்சத்துக்கு, அதாவது சுமார் 5500 கெல்வின்ல பூட்டி வச்சுட்டு எடுத்தேன். காலை காலையா வந்துச்சு, சாயங்காலம் சாயங்காலமா வந்துச்சு. ஃபிலிம் காலத்துல எல்லாரும் இப்படித்தான் எடுத்துட்டிருந்தோம். பகல் வெளிச்ச ஃபிலிம்னு ஒண்ணுதான் லோடு பண்ணுவோம், பொழுது மாறினா கலரும் மாறும்.

இடையில ஒரு டிப்ஸ். "வெள்ளையா எதையாவது காட்டி ஒயிட் பேலன்ஸ் செட் பண்ணு"ன்னு சொல்லுவாங்க. அதுக்காக எதிர்ல வர்றவர் வேட்டியைக் காட்டி செட் பண்ணிடாதீங்க. நம்ம ஊர் வேட்டி வெள்ளை இல்லை. சொட்டு நீலம் ஒரு பக்கம், சோப்புத்தூள்ல கலந்திருக்கற பளபளப்பு ரசாயனம் இன்னொரு பக்கம். அந்த ரசாயனம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி நீல வெளிச்சமா திருப்பி விடும். அதை வெள்ளைன்னு கேமராவுக்குச் சொன்னா, மத்ததெல்லாம் மஞ்சளடிச்சுப் போயிடும். ஒரு சாம்பல் அட்டை வாங்கிப் பையில போட்டுக்கோங்க.

கேமராவுக்கு வேற கண்ணு

"என்னதான் இருந்தாலும் கேமரா ஒரு மெஷின், அது பொய் சொல்லாது"ன்னு ஒரு வாதம் உண்டு. பொய் சொல்லாது, சரி. ஆனா அது பாக்கறது நாம பாக்கறது இல்லை. இதுக்கு ரேஞ்ச்ஃபைண்டர் வரலாற்றுலயே பெரிய சாட்சி இருக்கு.

முதல் டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் 2004-ல எப்சன் கொண்டு வந்த ஆர்-டி1. 6 மெகாபிக்சல். ஃபிலிம் கேமரா மாதிரியே ஒவ்வொரு படத்துக்கும் நெம்புகோலைத் தள்ளி ஷட்டரைத் தயார் பண்ணணும். 2006-ல லைக்காவோட எம்8 வந்தது, 10 மெகாபிக்சல். வந்த கொஞ்ச நாள்லயே வாங்கினவங்க ஒண்ணு கண்டுபிடிச்சாங்க. கறுப்புத் துணி சிலது படத்துல கத்திரிப்பூ கலர்ல வருது!

காரணம் சுவாரசியமானது. ரேஞ்ச்ஃபைண்டர்ல கண்ணாடி மேலயும் கீழயும் ஆடற வேலை இல்லைங்கறதால லென்ஸ் ரொம்ப உள்ள தள்ளி உக்காரும். லென்ஸ் வளையத்துலேர்ந்து சென்சாருக்கு 27.8 மி.மீ தான். நிக்கான் எஸ்.எல்.ஆர்-ல இதே தூரம் 46.5 மி.மீ. அதனால ஓரத்துல விழற வெளிச்சம் ரொம்பச் சாய்வா விழும். சென்சாருக்கு மேல தடிமனான கண்ணாடி போட்டா, சாய்வா வர்ற வெளிச்சம் அதுல சிதறி ஓரமெல்லாம் மங்கும். சரின்னு மெல்லிசா, அரை மி.மீ கண்ணாடி போட்டாங்க. படம் கூர்மையா வந்தது. ஆனா அகச்சிவப்புக் கதிரைத் தடுக்கற வேலையும் அந்தக் கண்ணாடியோடதுதான். மெல்லிசா போனதால அகச்சிவப்பு உள்ள வந்துடுச்சு. செயற்கை இழையில நெஞ்ச கறுப்புத் துணி பலது நம்ம கண்ணுக்குக் கறுப்பு, அகச்சிவப்புல பளபளன்னு இருக்கும். சென்சார் அதையும் சேர்த்துப் பார்த்துக் கத்திரிப்பூன்னு எழுதிடுச்சு. கடைசியில லைக்கா, எம்8 வாங்கினவங்களுக்கு லென்ஸ் முன்னாடி மாட்டற ஃபில்டர் ரெண்டு இலவசமா குடுத்தது. 2009-ல வந்த எம்9-ல கண்ணாடியைக் கொஞ்சம் தடிமனாக்கி 0.8 மி.மீ ஆக்கினாங்க, பிரச்னை பெருமளவு அடங்குச்சு.

இதை ஸ்ரீரங்கத்துல யோசிச்சுப் பாருங்க. கார்த்திகை மார்கழியில சபரிமலைக்குப் போற சாமிமாருங்க கறுப்பு வேட்டி, கறுப்பு துண்டோட கூட்டம் கூட்டமா இங்க வருவாங்க. ஃபில்டர் இல்லாத எம்8-ல எடுத்தா பாலியஸ்டர் கட்டினவர் கத்திரிப்பூ, பக்கத்துல பருத்தி கட்டினவர் ஓரளவு கறுப்பு. "அப்படியே வந்த கலர்"னு அதை வச்சுக்க முடியுமா? விரதத்துக்குக் கறுப்பு கட்டினவரை நான் ஊதா கட்டினவரா காட்டினா, யாரு பக்கம் தப்பு?

இன்னொரு சாட்சி இதே ஊர்லயே இருக்கு. சென்னை மாகாண அரசோட போட்டோகிராபரா இருந்த கேப்டன் லின்னேயஸ் டிரைப் இங்க வந்து எடுத்த படங்கள் 1858-ல ஸ்ரீரங்கத்துக்கு ஒரு தொகுப்பு, திருச்சிக்கு ஒரு தொகுப்புன்னு வெளியாச்சு. அந்தக் காலத்து காகித நெகட்டிவுக்கு நீலமும் புற ஊதாவும் மட்டும்தான் உறைக்கும். சிவப்பு உறைக்கவே உறைக்காது. கோயில் மதில்ல அடிக்கற காவிப் பட்டை அதுல ஏறக்குறைய கறுப்பா விழும். வானம் மேகமே இல்லாம வெள்ளைவெளேர்னு போயிடும். டிரைப் என்ன பண்ணார் தெரியுமா? நெகட்டிவ் மேலயே கையால வர்ணம் தடவி மேகம் வரைஞ்சார்! பிற்தயாரிப்புக்கு 165 வருஷத்துக்கு மேல வயசாச்சு மக்களே, ஃபோட்டோஷாப்போட பொறந்தது இல்லை.

ஆக, டிரைப் கேமரா நீலத்தை மட்டும் பார்த்துச்சு. எம்8 நமக்குத் தெரியாத சிவப்பையும் சேர்த்துப் பார்த்துச்சு. ரெண்டுக்கும் நடுவுல நம்ம கண்ணு. எந்த மெஷினும் தானா அந்த இடத்துல வந்து உக்காராது, யாராவது இழுத்துட்டு வந்துதான் உக்கார வைக்கணும்.

மூணுல ரெண்டு பங்கு ஊகம்

இன்னைக்கு கேமராவுல என்ன நடக்குதுன்னும் பாத்துடுவோம். சென்சாருக்குத் தானா கலர் தெரியாது. கோடாக்குல வேலை பார்த்த ப்ரைஸ் பேயர் 1976-ல காப்புரிமை வாங்கின முறைதான் இன்னும் பெரும்பாலும் ஓடுது. ஒவ்வொரு புள்ளிக்கும் மேல ஒரு கலர் கண்ணாடி. பாதி புள்ளிக்குப் பச்சை, கால் பங்குக்குச் சிவப்பு, கால் பங்குக்கு நீலம். அப்போ ஒரு புள்ளியில நிஜமா அளந்தது ஒரே ஒரு கலர். மிச்ச ரெண்டும் அக்கம் பக்கத்தைப் பார்த்து ஊகிச்சது. நீங்க பாக்கற படத்துல மூணுல ரெண்டு பங்கு ஊகம்! அந்த ஊகத்துக்கு மேல, "சிவப்பு இப்படி இருக்கட்டும், தோல் அப்படி இருக்கட்டும்"னு கம்பெனி ஒரு அட்டவணை வச்சிருக்கும். அதுலதான் "இந்தக் கம்பெனி கலர்"ங்கற மயக்கமெல்லாம் பொறக்குது.

சி.சி.டி ரசிகர்கள் சண்டைக்கு வராதீங்க. எம்9-ல இருக்கற சி.சி.டி-யோட கலர் பிறகு வந்த சிமாஸ் சென்சார்ல இல்லைன்னு வருஷக்கணக்கா ஒரு புலம்பல். எனக்குத் தெரிஞ்ச வரை வெளிச்சத்தை எண்ணறது சி.சி.டி-யா சிமாஸாங்கறது கலருக்குப் பெரிய விஷயமில்லை. மேல இருக்கற கலர் கண்ணாடி, அகச்சிவப்பு தடுக்கற கண்ணாடி, அந்த அட்டவணை - இந்த மூணும்தான். மூணாவதை நாமளே மாத்திக்கலாம். 24 கட்டம் போட்ட கலர் அட்டை ஒண்ணை வெயில்ல வச்சு எடுத்து, ரா ஃபைல்லேர்ந்து நம்ம கேமராவுக்கு நம்ம வெயிலுக்கான அட்டவணையைத் தயார் பண்ற மென்பொருள் இருக்கு. அரைமணி நேர வேலை.

சாத்தார வீதி பூ மார்க்கெட்டுல இதை நேர்லயே பார்த்தேன். கோழிக்கொண்டைப் பூ தெரியும்ல? அந்தச் சிவப்பு கேமராவுக்கு எமன். மொத்த வெளிச்சம் சரியாத்தான் இருக்கும், சிவப்பு மட்டும் நிரம்பி வழிஞ்சிருக்கும். பூவோட மடிப்பு ஒண்ணுமே தெரியாம சிவப்பு பிளாஸ்டிக் மாதிரி வரும். பத்தாததுக்கு, நம்ம மானிட்டர்கள் பெரும்பாலும் பின்பத்தற வண்ண வரையறை 1996-ல எச்.பி-யும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து வகுத்தது. அந்த எல்லைக்குள்ள இந்த மாதிரிச் சிவப்பு பல நேரம் அடங்கறதே இல்லை. அதனால எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப் குறைச்சு ரா-வுல எடுத்தேன். ஜேப்பெக்ல ஒரு கலருக்கு 256 படிதான், 14 பிட் ரா-வுல 16384 படி. மடிப்பெல்லாம் பத்திரமா இருந்துச்சு.

மறுநாள் ரெண்டு படத்தையும் பிரிண்ட் போட்டு பூக்கார அக்கா ஒருத்தங்ககிட்ட காட்டினேன். கேமரா போட்டுக் குடுத்த ஜேப்பெக்கைப் பார்த்துட்டு, "இது சாயப் பூவா தம்பி?"ன்னாங்க. என்னோடதைப் பார்த்து, "இது காலையில வந்த பூ. ஆனா இன்னும் கொஞ்சம் கறுத்த சிவப்பு, நீங்க வெளுத்துட்டீங்க"ன்னாங்க. அவங்களுக்கு நிறம்ங்கறது அழகு சமாச்சாரம் இல்லை, காசு. சிவப்பு ஒரு பொட்டு மங்கினா நேத்திய பூ, பாதி விலை. அவங்க சொன்ன மாதிரியே இன்னும் கொஞ்சம் இறக்கினேன். அந்த அட்டவணை போட்ட இன்ஜினியர் எவ்வளவு பெரிய படிப்பு படிச்சிருந்தாலும், சாத்தார வீதி கோழிக்கொண்டையை இவங்களை விட நல்லா பார்த்திருக்க முடியாது.

கடைசியா, முகம்

பூ, கோபுரம் எல்லாம் விடுங்க. எனக்கு உண்மையிலயே வலிக்கற இடம் தோல் நிறம்.

கலர் ஃபிலிம் காலத்துல லேப்ல கலர் சரி பார்க்க கோடாக் ஒரு மாதிரிப் படம் அனுப்பும். "ஷேர்லி அட்டை"ன்னு பேரு. அதுல இருக்கறது ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு. அவ முகம் சரியா வந்தா எல்லாம் சரின்னு அர்த்தம். பல வருஷம் உலகம் முழுக்க இதுதான் அளவுகோல். பல நிறத்து ஆட்கள் சேர்ந்து இருக்கற அட்டை தொண்ணூறுகள்லதான் வந்தது. அப்போ நம்ம வீட்டுப் பழைய ஆல்பத்துல தாத்தா முகம் மைக்கூடு மாதிரி இருக்கறதுல தாத்தாவோட நிறம் எவ்வளவு, அளவுகோலோட பங்கு எவ்வளவு?

இப்போ அளவுகோல் தலைகீழா ஆயிடுச்சு. செல்போன் கேட்காமலே முகத்தை வெளுக்குது. எங்க சித்தி பொண்ணு கல்யாண ஆல்பம் வந்தப்போ, ஒரு பக்கம் விடாம எல்லார் முகத்துலயும் சுண்ணாம்பு. மணமேடையில மாநிறமா அவ்வளவு அழகா இருந்த பொண்ணு, ஆல்பத்துல வேற யாரோ. கை ஒரு நிறம், முகம் ஒரு நிறம். "எல்லாரும் இப்படித்தான் சார் கேக்கறாங்க"ன்னு பதில். அவ பாட்டி கண்ணைச் சுருக்கிட்டு, "இது யாருடி?"ன்னு கேட்டாங்க. எல்லாரும் சிரிச்சோம். பொண்ணு சிரிக்கலை.

அம்மா மண்டபம் படித்துறையில அந்த ரேஞ்ச்ஃபைண்டரை வச்சு எடுத்ததுல இதே சிக்கல் வேற மாதிரி. வெள்ளை வேட்டியும் காவிரியோட மினுமினுப்பும் சேர்ந்து மீட்டரை ஏமாத்திடுது. அது எல்லாத்தையும் சராசரி சாம்பலாக்கப் பார்க்குது, தர்ப்பணம் பண்ணிட்டிருந்த பெரியவர் முகம் இருட்டுல போயிடுது. வெளிச்சத்தை ஏத்தினா முகம் தெரியுது, ஆனா கூடவே கம்பெனி அட்டவணை அதை ஆரஞ்சுப் பக்கம் தள்ளுது. என் அட்டவணையைப் போட்டதும்தான் அந்தச் செம்பு கலந்த கறுப்பு திரும்பி வந்துச்சு. சொன்னா நம்ப மாட்டீங்க, அந்த 24 கட்ட அட்டையில முதல் கட்டமே "கறுத்த தோல்"தான். அளவுகோல் இருக்கு. எடுத்து வைக்க ஆள்தான் இல்லை.

"அப்போ கல்யாண ஸ்டூடியோக்காரர் பண்றதும் பிற்தயாரிப்பு, நீ பண்றதும் பிற்தயாரிப்பு. என்ன வித்தியாசம்?" நியாயமான கேள்வி. இதோட இன்னொண்ணும் சேர்த்துக்கோங்க: நம்ம ஞாபகமும் பொய் சொல்லும். வானத்தை நிஜத்தை விட நீலமாவும் புல்லை நிஜத்தை விடப் பச்சையாவும்தான் மனசு ஞாபகம் வச்சுக்கும். அதனால நான் எனக்குன்னு வச்சிருக்கற விதி மூணு. எடுத்த இடத்துலயே என்ன நிறம்னு தமிழ்ல ஒரு வரி நோட்டுல எழுதிடணும் ("நெய் மஞ்சள்", "செம்புக் கறுப்பு" - இப்படி). பிற்தயாரிப்பை அன்னைக்கு ராத்திரியே முடிச்சுடணும். முடிஞ்சா, படத்துல இருக்கறவங்ககிட்டயோ அந்தப் பொருளை தினமும் பாக்கறவங்ககிட்டயோ காட்டணும். அவங்க "ஆமா, இதான்"னா சரி. "இது யாருடி?"ன்னா தப்பு. ஸ்டூடியோக்காரர் வேலைக்கும் என் வேலைக்கும் வித்தியாசம் அங்கதான் இருக்கு.

இதுக்கு லட்ச ரூபாய் ரேஞ்ச்ஃபைண்டர் வேணும்னு அர்த்தமில்லை. நண்பர் அவர் கேமராவை வாங்கிட்டுப் போயிட்டார். என்கிட்ட இப்போ இருக்கறது பழைய எஸ்.எல்.ஆர் ஒண்ணுதான். அதுலயும் ரா இருக்கு, ஒயிட் பேலன்ஸைப் பூட்ட வசதி இருக்கு. செல்போன்லகூட க்ளிக் பண்றதுக்கு முன்னாடி திரையை விட்டுத் தலையைத் தூக்கி ஒரு தரம் நேர்ல பார்க்கலாம், காசா பணமா?

நம்ம ஊர் மஞ்சளை, நம்ம ஊர் கறுப்பை இந்த ஊர்ல ஒரு நாள்கூட நிக்காத ஒருத்தரோட அட்டவணை முடிவு பண்றதுல எனக்குச் சம்மதம் இல்லை. உங்களுக்குச் சம்மதமான்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. அப்படியே உங்க ஊர்ல கேமராவுக்கு அடங்காத நிறம் எதுன்னும் சொல்லிட்டுப் போங்க.

பி.கு: சந்நிதிக்குள்ள படம் எடுத்தியான்னு யாரும் கேக்க வேண்டாம். எடுக்கக் கூடாது, எடுக்கலை. அங்க கண்ணு மட்டும் போதும் :-)